சஞ்சுக்தாவின் தமிழும் உன் ஜெர்மனும்

காட்டூர், திருச்சி
ஆகஸ்ட் 25

என் செல்ல மகள் சுஜாவுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் துணையால் நானும் அப்பாவும் இங்கே நல்லபடியாக இருக்கிறோம். நீயும் அந்தக் குளிர் ஊரில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, சளி இருமல் அண்டாமல் இருக்க வேண்டும் என்று ஜெபமாலையில் ஒரு பத்து மணி உனக்கென்றே தினமும் சொல்கிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை இந்த மாதம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, அதைக் காரணம் காட்டி இரண்டு நாள் மைசூர்பாகு கேட்டார், நான் கொடுக்கவில்லை. ரோசரி சித்தி இந்த வருடமும் வேளாங்கண்ணிக்கு நடந்தே போவேன் என்று கிளம்பிவிட்டாள். முழங்கால் வலிக்கு பெல்ட் போட்டுக்கொண்டு காவிப் புடவையில் நம் வீட்டு வாசலில் நின்று மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனாள், தஞ்சாவூர் ரோடு முழுக்க நடந்து போகிற ஜனம்தான். கொள்ளிடத்தில் தண்ணீர் நிறையப் போகிறது. இந்தக் கடிதத்தோடு பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், கொஞ்சம் வத்தல் எல்லாம் கூரியரில் வைத்திருக்கிறேன். புளிக்காய்ச்சல் பாட்டிலை இரண்டு கவரில் சுற்றியிருக்கிறேன், பிரிக்கும்போது பார்த்துப் பிரி.

முகம் பார்த்துப் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். மூன்று வாரத்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை நீ பேசினாயே, அதற்கு நான் சொன்ன பதில் சரியில்லை. அதைப் போனில் திருத்தப் பார்த்தால் நீ "விடும்மா, அதெல்லாம் ஒண்ணும் இல்ல" என்று பேச்சை மாற்றிவிடுவாய். எழுதினால் நீ முழுசாகப் படிப்பாய். அன்றைக்கு நீ சொன்னது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது. ஜெர்மன் பரீட்சையில் எழுத்து பாஸ், பேச்சில் இரண்டாவது தடவையும் போய்விட்டது என்றாய். அது பாஸானால்தான் நர்ஸ் என்று பதிவு கிடைக்கும், அதுவரைக்கும் ஐந்து வருடம் ஐ.சி.யூ.வில் வேலை பார்த்த நீ உதவியாளராகப் படுக்கை மாற்றிக்கொண்டிருக்க வேண்டும் என்றாய். "வாயத் திறந்தாலே தப்பு வந்துடுமோன்னு பயமா இருக்கும்மா. தலைக்குள்ள வாக்கியத்த சரி பண்ணி முடிக்கிறதுக்குள்ள அவங்க அடுத்த கேள்விக்குப் போயிடுறாங்க" என்றாய். அதற்கு நான், "அப்போ கிராமர் இன்னும் அழுத்தமாப் படி, டேபிள் எல்லாம் மனப்பாடம் பண்ணு" என்றேன். நீ சரிம்மா என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். போனைக் கீழே வைத்த பிறகு அப்பா என்னைப் பார்த்து, "நீ அரியமங்கலத்துல சொல்லிக் குடுக்குறது ஒண்ணு, பெத்த பொண்ணுக்குச் சொல்றது வேற ஒண்ணா இருக்கே மேரி" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அந்த அரியமங்கலம் கதையைத்தான் உனக்கு முழுசாகச் சொல்லப்போகிறேன், போனில் அரையும் குறையுமாகத்தான் சொல்லியிருக்கிறேன்.

பொன்மலை ஒர்க்ஷாப்பில் அப்பாவோடு வேலை பார்த்த அப்துல் சுக்கூர் பாயை உனக்குத் தெரியும். அவர் ரிட்டயர் ஆனபிறகு அரியமங்கலத்தில் கேட், கிரில் செய்கிற பட்டறை போட்டிருக்கிறார். இப்போது அங்கே வேலை பார்க்கிறவர்கள் பாதிப்பேர் ஒடிசாக்காரர்கள், ஆறு ஆண்கள், அவர்களில் மூன்று பேரின் மனைவிமார்களும் பெயின்ட் அடிக்கவும் சுத்தம் செய்யவும் வருகிறார்கள். மே கடைசியில் அங்கே ஒரு விபத்து. கம்பி வெட்டுகிற மெஷினில் ஒரு பையனின் கை பக்கத்தில் இருப்பதைப் பார்த்து போர்மேன் அன்புச்செல்வன் "கைய எடு, கைய எடு" என்று கத்தியிருக்கிறார். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் "சுத்தியல எடு", "கம்பிய எடு" என்கிற எடுதான். ஏதோ ஒன்றைக் கையால் எடுக்கச் சொல்கிறார் என்று நினைத்து இன்னும் உள்ளே கையை நீட்டிவிட்டான். நல்லவேளை, ஆண்டவர் புண்ணியத்தில் நகத்தோடு போயிற்று. சுக்கூர் பாய் மறுநாளே வீட்டுக்கு வந்து, "டீச்சரம்மா, ஒரு சொல்லுல ஒருத்தன் விரல் போயிருக்கும். முப்பத்துமூணு வருசம் பாடம் எடுத்தவங்க நீங்க, வாரத்துல ரெண்டு சாயங்காலம் வந்து இவங்களுக்குத் தமிழ் சொல்லிக் குடுங்க" என்று கேட்டார். நான் இங்கிலீஷ் டீச்சர் என்றேன். "மொழிதானே" என்றார். ஒத்துக்கொண்டேன்.

எனக்கு இந்தியும் தெரியாது ஒடியாவும் தெரியாது, அவர்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. இருந்தாலும் எனக்கென்ன, கரும்பலகை வாங்கி மாட்டச் சொல்லி, அ ஆ இ ஈ எழுதி, நான் நீ அவன், வந்தேன் வந்தாய் வந்தான் என்று கட்டம் போட்டு ஆரம்பித்துவிட்டேன். ஒவ்வொருவராக எழுப்பிச் சொல்லச் சொன்னேன். தப்பாகச் சொன்னால் நிறுத்தித் திருத்தி மறுபடி சொல்லவைத்தேன். பன்னிரண்டு மணி நேரம் இரும்போடு மாரடித்துவிட்டு வந்தவர்கள், குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருப்பார்கள். முதல் வாரம் ஒன்பது பேர், மூன்றாவது வாரம் நாலு பேர். அதிலும் சஞ்சுக்தா என்று ஒரு பெண், முப்பது வயதுகூட இருக்காது, நான் அவள் பக்கம் திரும்பினாலே முந்தானையை வாயில் வைத்துக்கொள்வாள். அன்புச்செல்வன் ஒருநாள் தயங்கித் தயங்கி என்னிடம் வந்து, "தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். இவங்க மெஷினுக்குப் பயப்படல, உங்க வகுப்புக்குத்தான் பயப்படுறாங்க" என்றார். நான் கைப்பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது எனக்குக் கோபம் கோபமாக வந்தது, ஆனால் யார்மேல் என்று தெரியவில்லை.

அடுத்த நாள் ஸ்ரீரங்கம் போனேன். என்னோடு வேலை பார்த்த அனுசுயா டீச்சர் உத்திர வீதியில் இருக்கிறாளே, அவள் மருமகள் வைஷ்ணவி பி.எட். கல்லூரியில் மொழி கற்பிக்கும் முறைகள்தான் பாடம் எடுக்கிறாள். அனுசுயா காபி போட்டு வருவதற்குள் நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வைஷ்ணவி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மாமி, அவாளா பேசற வரைக்கும் யாரையும் பேசச் சொல்லாதீங்கோ. நீங்க பேசுங்கோ, பேசிண்டே செஞ்சு காட்டுங்கோ, அவா செஞ்சா போதும். குழந்தை பேசறதுக்கு முன்னாடி ஒரு வருஷம் கேக்கறதில்லையா, அந்த மாதிரி" என்றாள். பேச்சு காதில் விழுந்து புரிந்தால்தான் மொழி உள்ளே இறங்கும், பயமும் வெட்கமும் இருந்தால் எத்தனை தடவை சொன்னாலும் வெளியிலேயே நின்றுவிடும், இப்படி ஒரு கொள்கை இருக்கிறது என்றாள். அர்த்தம் புரிகிறபடி ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே விழுந்து திருத்தக்கூடாது, நம் பதிலிலேயே சரியான சொல்லை இயல்பாகப் போட்டுப் பேசிவிட வேண்டும் என்றாள். எங்கெங்கே இவர்களுக்குத் தமிழ் தேவைப்படுகிறது என்று முதலில் கேட்டு, அதைப் பாடமாக வையுங்கள் என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது அழுகையும் வந்தது சுஜா. இந்தக் கொள்கையெல்லாம் நானும்தான் பி.எட்.டில் படித்தேன். இலக்கணமும் மொழிபெயர்ப்பும் கொண்டு கற்பிப்பதன் குறைகள் யாவை என்று பதினைந்து மார்க் கேள்விக்கு நாலு பக்கம் மனப்பாடமாக எழுதிப் பதின்மூன்று வாங்கினேன். வாங்கிவிட்டு, வேலையில் சேர்ந்த முதல் நாளே அந்த இலக்கணமும் மொழிபெயர்ப்பும்தான் எடுத்தேன், ரிட்டயர் ஆகிற நாள் வரைக்கும்.

அடுத்த வகுப்புக்குக் கரும்பலகையைத் திருப்பி வைக்கச் சொல்லிவிட்டேன். சுத்தியல், கையுறை, தண்ணீர்க் குடம், டிபன் பாக்ஸ் எல்லாம் மேஜைமேல் பரப்பினேன், உன் அப்பாவையும் மாணவனாகக் கூட்டிப்போனேன். "எழுந்திரு" என்பேன், நானும் அப்பாவும் எழுந்திருப்போம். "சுத்தியலை எடு", எடுப்போம். "கீழே வை", வைப்போம். "மெஷின்மேல கை வை", "கைய எடு" என்று பத்து தடவை செய்து காட்டினேன். அப்பா வேண்டுமென்றே தப்பாகச் செய்வார். கையை எடு என்றால் இன்னொரு கையையும் சேர்த்து வைப்பார். மூன்றாவது தடவை வந்திருந்தவர்கள் சேர்ந்து "இல்ல! இல்ல!" என்று கத்தினார்கள் பார், அதுதான் அந்தப் பட்டறையில் யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவர்களாகப் பேசிய முதல் தமிழ். எனக்கு முழங்கால் வீங்கிப்போயிற்று, ஆனால் அடுத்த வகுப்புக்குப் பழைய ஒன்பது பேரோடு பக்கத்துப் பட்டறைக்காரர்கள் இரண்டு பேரும் சேர்ந்து பதினோரு பேர் வந்தார்கள். அதன்பிறகு படம் வரைந்து கேட்டேன், எங்கே கஷ்டம் என்று. ஆண்கள் பஸ்ஸையும் பேங்கையும் காட்டினார்கள். பெண்கள் மூன்று பேரும் ஆஸ்பத்திரிப் படத்தின்மேல் விரலை வைத்தார்கள். காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு எல்லாவற்றையும் நான் நடித்தே காட்டினேன். மூத்திரம் போகவில்லை என்பதை நடித்துக் காட்டும்போது அப்பா எழுந்து வெளியே போய்விட்டார், பெண்கள் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் விட்டார்கள். சஞ்சுக்தாவும் சிரித்தாள், ஆனால் பேசவில்லை. ஏழு வாரம் ஒரு வார்த்தை பேசவில்லை. சொன்னதையெல்லாம் முதல் ஆளாகச் செய்வாள், வாய் மட்டும் திறக்காது. எனக்கு நாக்கு நமநமவென்றிருக்கும், எழுப்பி நிறுத்திக் கேட்டுவிடலாமா என்று. வைஷ்ணவி சொன்னதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுவிட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் சுக்கூர் பாயிடமிருந்து போன். சஞ்சுக்தாவின் நாலு வயசுப் பையனைப் புத்தூர் பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, அவள் புருஷன் துறையூரில் கேட் மாட்டப் போயிருக்கிறான், துணைக்கு ஆள் இல்லை என்றார். நான் ஆட்டோ பிடித்து ஓடினேன். அவள் வாய் திறக்காத பெண்ணாயிற்றே, என்னத்தைச் சொல்லியிருப்பாளோ, டாக்டருக்கு என்ன புரிந்திருக்குமோ என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனேன். குழந்தைகள் வார்டில் போய்ப் பார்த்தால் பையனுக்கு ட்ரிப் ஏறிக்கொண்டிருக்கிறது, அவள் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கிறாள். அங்கிருந்த நர்ஸ், உன் வயசுதான் இருக்கும், என்னைப் பார்த்து, "நீங்க இவங்களுக்குச் சொந்தமா? இந்த அம்மா வந்ததுமே தெளிவாச் சொல்லிட்டாங்க, அதனாலதான் உடனே ட்ரிப் போட முடிஞ்சுது" என்றாள். எனக்கு நம்ப முடியவில்லை. என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். அந்த நர்ஸ் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "டாக்டர், பையன் மூணு நாள் சூடு. நேத்து சாப்பிடு இல்ல. தண்ணி குடி, வெளியே வருது. காலையில இருந்து மூத்திரம் வா இல்ல." அவ்வளவுதான். மூத்திரம் போகவில்லை என்ற அந்த ஒரு விஷயம் தெரிந்ததால்தான் உடம்பில் நீர் வற்றியது எவ்வளவு என்று கணக்குப் பண்ண முடிந்ததாம். நீ நர்ஸ், உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்த நாலு வாக்கியத்தில் ஒரு வாக்கியம்கூட இலக்கணப்படி சரியில்லை சுஜா. பழைய பாக்கியமேரி டீச்சராக இருந்தால் நாலுக்கும் சிவப்பு மையில் அடித்துப் பூஜ்யம் போட்டிருப்பேன்.

அதற்குப் பிறகு அந்தக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சஞ்சுக்தா என்னிடம் அரை மணி நேரம் பேசினாள். ஏழு வாரமாக உள்ளே போனதெல்லாம் மடை திறந்த மாதிரி வந்தது. பையனைத் தூக்கிக்கொண்டு எந்த பஸ் ஏறினாள், கண்டக்டர் எப்படி உட்கார இடம் வாங்கிக் கொடுத்தார், சீட்டு எழுதுகிற இடத்தில் பேர் என்ன என்று கேட்டபோது பையன் பேருக்குப் பதிலாகத் தன் பேரைச் சொல்லிவிட்டுப் பிறகு மாற்றியது, எல்லாம். நேற்று என்றும் நாளைக்கு என்றும் மாறி மாறி வந்தது, அவன் அவள் அது எல்லாம் ஒன்றுதான். நான் ஒரு சொல்லைக்கூடத் திருத்தவில்லை. "அப்படியா, அப்புறம் என்னாச்சு" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒருத்தி பேசி முடிக்கும்வரை நான் குறுக்கே பேசாமல் கேட்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். கேட்டுக்கொண்டே இருக்கும்போது உன் ஞாபகம் வந்துவிட்டது.

நீ ஒன்பதாம் வகுப்பில் என் வகுப்பில் இருந்தாய். இன்ஸ்பெக்ஷனுக்கு வந்த அதிகாரி அம்மா, யாராவது ஒரு சம்பவத்தை இங்கிலீஷில் சொல்லுங்கள் என்று கேட்டார். யாரும் எழுந்திருக்கவில்லை, நீயாகவே எழுந்தாய். மழைத் தண்ணீர் நம் தெருவுக்குள் வந்த அன்றைக்குப் பக்கத்து வீட்டு ஆட்டைக் காணவில்லை என்று ஆரம்பித்தாய். அந்த அம்மா ஆசையாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். நான் பின்னால் நின்றுகொண்டு 'went', 'not goed' என்றேன். நீ திருத்திக்கொண்டு மேலே போனாய். மறுபடி திருத்தினேன். மூன்றாவது தடவை திருத்தியபோது நீ என் முகத்தைப் பார்த்தாய், அப்படியே உட்கார்ந்துவிட்டாய். டீச்சர் மகள் என்று சலுகை காட்டினேன் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது என்பதுதான் என் நினைப்பெல்லாம். அதன்பிறகு பத்தாம் வகுப்பு முடியும் வரைக்கும் நீ வகுப்பில் கை தூக்கவே இல்லை. நான் அதை அடக்கம் என்று நினைத்து மற்ற டீச்சர்களிடம் பெருமையாகவே சொல்லியிருக்கிறேன். இப்போது நீ அங்கே பரீட்சை வைக்கிறவர்கள் முன்னால் உட்கார்ந்து வாக்கியத்தைத் தலைக்குள் சரிபார்த்துக்கொண்டிருக்கிறாயே, உன் பின்னால் இன்னும் நான்தான் நின்றுகொண்டிருக்கிறேன் என்று தோன்றுகிறது. அந்தப் பயத்தை உனக்குள் நான்தான் வைத்தேன், தெரியாமல் வைத்தேன், தப்புதான். என்னை மன்னித்துவிடு கண்ணு. உன்னிடம் இதைக் கேட்க எனக்கு வெட்கம் இல்லை.

இதெல்லாம் அழுவதற்காக எழுதவில்லை. பையன் சனிக்கிழமை வீட்டுக்கு வந்துவிட்டான், வகுப்புக்கும் அம்மா இடுப்பில் வந்தான். சஞ்சுக்தா இப்போது காய்கறிக்காரரிடம் பேரம் பேசுகிறாள், அன்புச்செல்வனிடம் சண்டை போடுகிறாள், அவர் என்னிடம் வந்து "பேசவே விட்டுருக்க வேண்டாம் டீச்சர்" என்று சிரிக்கிறார். இன்னொரு கூத்து கேள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பையனைப் பார்க்க அவள் வீட்டுக்குப் போனேன். நீங்கள் மட்டும் எங்களைப் படுத்துகிறீர்களே, ஒரு ஒடியா வார்த்தை பேசுங்கள் பார்ப்போம் என்ற மாதிரி பாதித் தமிழிலும் பாதி ஜாடையிலும் கேட்டாள். அவர்கள் பேசிக் காதில் விழுந்ததை வைத்து, எனக்குத் தண்ணீர் வேண்டும் என்று சொல்லப் பார்த்தேன். என்ன ஆச்சரியம், எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது, அறுபத்தொரு வயதில், ஒரு சின்னப் பெண் முன்னால். "மோ பாணி தர்க்கார்" என்றேன். 'எனக்கு' என்பதற்குப் பதிலாக 'என்' என்று சொல்லிவிட்டேனாம், ஆனால் அவள் சிரிக்கவில்லை. "மோத்தே பாணி தர்க்கார்?" என்று சாதாரணமாகத் திருப்பிக் கேட்டுக்கொண்டே எழுந்து போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வைஷ்ணவி புத்தகத்தில் இருந்து சொன்ன முறையை எந்தக் கல்லூரிக்கும் போகாதவள் செய்தாள். நான் அந்தச் சொல்லை இனிமேல் மறக்கமாட்டேன்.

உனக்கு நான் சொல்வது இரண்டே விஷயம்தான். வாக்கியத்தைத் தமிழிலோ இங்கிலீஷிலோ கட்டிப் பிறகு மாற்றாதே, தெரிந்த நாலு சொல்லோடு வாயைத் திறந்துவிடு, மிச்சம் வழியில் வரும். இன்னொன்று, உன் வார்டில் வயதானவர்கள் பேச ஆளில்லாமல் கிடக்கிறார்கள் என்று நீதானே சொன்னாய். படுக்கை மாற்றும்போது அவர்களிடம் பேசு, அவர்கள் பேசுவதைக் கேள், மார்க் போடுகிறவர்களையும் ஒரு நோயாளி என்று நினைத்துக்கொண்டு பேசு. இலக்கணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, முப்பத்துமூன்று வருடம் சோறு போட்டது, அதை அவ்வளவு சுலபமாக விடமாட்டேன். அது பிறகு வரட்டும். அடுத்த மாதப் பரீட்சைக்குப் பணம் கட்டிவிட்டாய் என்றாய், அதை எந்தக் காரணத்துக்காகவும் தள்ளிப்போடாதே. கல்யாணப் பேச்சை நான் இந்தக் கடிதத்தில் எடுக்கவில்லை என்பதை நீ கவனித்திருப்பாய், அதற்காக மறந்துவிட்டேன் என்று அர்த்தம் இல்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து போனில் முதல் பத்து நிமிடம் நீ எங்களிடம் ஜெர்மனில்தான் பேச வேண்டும். சாப்பிட்டதைச் சொல், பஸ் தவறவிட்டதைச் சொல், உன் மேலதிகாரியைத் திட்ட வேண்டுமானால் அதையும் சொல். எனக்கும் அப்பாவுக்கும் ஒரு சொல்லும் புரியாது. அதனால் எது சரி எது தப்பு என்று எங்களுக்குத் தெரியவும் தெரியாது. நீ பேசி முடிக்கிற வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருப்போம்.

ஆண்டவர் உன் நாவிலும் உன் கைகளிலும் துணையிருக்கட்டும், மாதா உன்னைத் தன் முந்தானையில் வைத்துக் காக்கட்டும். ஸ்வெட்டரை வெளியே எடுத்து இப்போதே வெயிலில் போட்டு வை, அங்கே செப்டம்பரிலேயே குளிர் வந்துவிடும் என்று அப்பா சொல்லச் சொன்னார்.

முத்தங்களோடு,
உன் அம்மா
பாக்கியமேரி